இரண்டு புதுக்கோட்டை ரோடுகள்

திருச்சி விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ‘புதுக்கோட்டை ரோட்டில்’ என்பார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் எங்கே என்று கேட்டாலும் அதே பதில்தான். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பயணிகள் விமானம் வந்திறங்கும் நிலையம் எதுவும் கிடையாது. ஆனால் ஊரிலிருந்து வடமேற்கே கீரனூர், மாத்தூர் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பஸ்ஸில் போனால் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏறிவிடலாம். வடகிழக்கே ஆதனக்கோட்டை முந்திரிக் கடைகளையும் கந்தர்வகோட்டையையும் தாண்டிப் போனால் சுகோய் போர் விமானங்கள் நிற்கும் தளம் வரும். பறக்க ஆசைப்படும் ஒரு பிளஸ் டூ மாணவனுக்கு முன்னால் இருக்கும் கேள்வியை இதைவிடத் தெளிவாக யாரும் தரையில் வரைந்து காட்ட முடியாது.

இந்த இரண்டு வானமும் எங்கள் தலைக்கு மேலேதான் ஓடுகின்றன. 2024 அக்டோபர் 11 சாயங்காலம் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருள் குறைய வேண்டும் என்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அன்னவாசல் பக்கத்து வானத்தில் அது வட்டமடித்தது. உள்ளே 141 பயணிகள். கீழே வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. கேப்டன் இக்ரோம் ரிஃபாட்லி ஃபாமி ஸைனலும் துணை விமானி மைத்ரேயி ஷிதோலேயும் இரவு எட்டேகாலுக்கு ஒரு கீறல் இல்லாமல் இறக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து, 2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து புறப்பட்ட சின்ன செஸ்னா பயிற்சி விமானம் ஒன்று கோளாறாகி நார்த்தாமலைக்குப் பக்கத்தில், அம்மாசத்திரம் அருகே, திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள். இது போக, அவ்வப்போது ஜன்னல் அதிரும்படி ஒரு சத்தம் கேட்கும். மறுநாள் பேப்பரில் ‘பலத்த வெடிச் சத்தம், மக்கள் பீதி’ என்று வரும். போர் விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது எழுகிற அதிர்வு அது என்று பிறகு விளக்கம் வரும்.

பயணிகள் விமானம், பயிற்சி விமானம், போர் விமானம் மூன்றையும் அண்ணாந்து பார்த்து வளர்கிற பிள்ளைகள் மே மாதம் ரிசல்ட் வந்ததும் கேட்கிறார்கள்: மிலிட்டரியில் சேர்ந்து பைலட் ஆகலாமா, லைசென்ஸ் எடுத்து ஏர்லைன்ஸ் போகலாமா? பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். மிலிட்டரி என்றால் பெருமை, ஏர்லைன்ஸ் என்றால் பணம். பத்து வருஷமாக இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; ஒரு பிள்ளைக்கும் இது உதவி நான் பார்த்ததில்லை. பெருமையும் பணமும் சேர்ந்த பிறகு வருபவை. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: படிக்கிற செலவு யாருடையது, பாதியில் தவறினால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும், எந்தக் கதவு எந்த வயதில் சாத்தப்படும்.

பணத்திலிருந்தே தொடங்குவோம். நம் பக்கத்தில் இந்த ஆசை முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

சிவில் பைலட் ஆவதற்கு ‘கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்’ வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும். வான்வழி கணிப்பு, வானிலை, விமானச் சட்டங்கள், விமானத் தொழில்நுட்பம் என்று தாள்கள் வரிசையாக உண்டு. ரேடியோவில் பேசுவதற்குத் தனி லைசென்ஸ். படிப்பு அப்படியொன்றும் மலையல்ல. பிளஸ் டூ கணக்கு ஒழுங்காகப் போட்டவன் படித்துவிடுவான். மலையாக நிற்பது அந்த 200 மணி நேரத்தின் விலை. இந்தியாவிலேயே பயிற்சி எடுத்தாலும் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்குக் கீழே முடிப்பது இன்று சிரமம். உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசு நிறுவனம். அங்கே கட்டணம் மட்டுமே 40 லட்சத்துக்கு மேல்.

லைசென்ஸ் கையில் வந்துவிட்டால் வேலை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்த செலவைக் கணக்கில் வைப்பதில்லை. செஸ்னா ஓட்டக் கற்றவனை ஏர்பஸ் 320 ஓட்ட விட மாட்டார்கள். அந்த ரக விமானத்துக்கென்று ‘டைப் ரேட்டிங்’ தனியாக எடுக்க வேண்டும். அதற்கு இன்னும் பதினைந்து, இருபது லட்சம். பெரிய ஏர்லைன்ஸ்கள் நடத்தும் ‘கேடட்’ திட்டங்களில் இவையெல்லாம் ஒரே பொட்டலமாக வரும், வேலைக்கும் ஓரளவு உறுதி இருக்கும். ஆனால் பொட்டலத்தின் விலை ஒரு கோடியைத் தொட்டுத் தாண்டிவிட்டது.

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். அரசு உத்தரவாதத் திட்டத்தில் சொத்துப் பிணை கேட்காமல் தருவது ஏழரை லட்சம் வரைதான். அதற்கு மேல் வீட்டுப் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் நிலப் பத்திரம். எங்கள் ஊரில் இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா சிங்கப்பூரில் இருபது வருஷம் உழைத்து அனுப்பிய காசு, அல்லது ஆலங்குடிப் பக்கம் போர்வெல் போட்ட மூன்று ஏக்கர். வளைகுடாவுக்குப் போன அப்பனின் காசில் மகன் அதே வளைகுடா விமானத்தை ஓட்டப் போகிறான் என்பது கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று ஏக்கருக்கு எதிரே நிற்பது எது என்று பார்த்துவிட்டு அழகைப் பேசலாம்.

எதிரே நிற்பது விமானத் தொழிலின் ஏற்ற இறக்கம். 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை ஓட்டியது. 2020இல் கொரோனா வந்து எல்லாரையும் தரையில் நிறுத்தியது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்கள் வேலை தேடி வெளியே வருவார்கள். அவர்களுக்குப் பின்னால், 200 மணி நேரம் மட்டுமே பறந்த புதுப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். மறுபக்கமும் உண்மை. அதே 2023இல் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 விமானங்களும் ஏர் இந்தியா 470 விமானங்களும் கேட்டன. அந்த ஒரு வருஷத்தில் டி.ஜி.சி.ஏ. கொடுத்த கமர்ஷியல் லைசென்ஸ்கள் 1,622. அதுவரை இல்லாத எண்ணிக்கை. லைசென்ஸ் ஒரு வருஷத்தில் அச்சாகிவிடும். ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல வருஷம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் கடனுக்கு வட்டி ஓடும். ‘பைலட்டுக்குப் பஞ்சம்’ என்று பேப்பரில் வரும் செய்தியை அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். பஞ்சம் பெரும்பாலும் கேப்டன்களுக்கு. புதிதாக வருகிற துணை விமானிகளுக்கு அந்தப் பஞ்சம் இல்லை.

வேலை கிடைத்தவனின் வாழ்க்கை பற்றி 2025 டிசம்பரில் நாடே படித்தது. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டி, இரவில் விமானத்தை இறக்கும் எண்ணிக்கையைக் குறைத்துப் புது விதிகள் வந்தன. அதற்குத் தேவையான ஆள் கணக்கைச் சரியாகப் போடாத இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பயணிகள் பட்ட அவதியைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் தூங்க விட வேண்டும் என்பதற்கே ஒரு விதியும் அதற்கு ஒரு போராட்டமும் தேவைப்படுகிற தொழில் இது. சம்பளம் நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. துணை விமானிக்குத் தொடக்கத்திலேயே மாதம் ஒன்றரை, இரண்டு லட்சம் வரும். கேப்டன் ஆனால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். வேலையை விட நினைத்தால் கேப்டனுக்கு ஒரு வருஷம், துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ் என்று 2017 முதல் விதி இருக்கிறது. கம்பெனி வேலை என்றால் நினைத்தபோது மாறலாம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி தஞ்சாவூர் ரோடு.

அங்கே செலவு அரசாங்கத்துடையது. பிளஸ் டூ முடித்தவனை என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு வழியாக எடுத்து, புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம் பட்டப்படிப்போடு வளர்த்து, பிறகு ஹைதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமியில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கடைசிக் கட்டப் பயிற்சியில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். அதிகாரியான பிறகு அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணி ஊதியம் 15,500, பறப்பதற்கான படி 25,000, அகவிலைப்படி, குடியிருப்பு, குடும்பத்துக்கு மருத்துவம். ஏர்லைன்ஸ் கேப்டன் சம்பளத்துக்குப் பக்கத்தில் இது வராது. ஆனால் அடகு வைக்காத மூன்று ஏக்கரையும் இந்தப் பக்கத்துத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு அப்போது வேறு மாதிரிச் சாயும்.

காசு கேட்காத இந்த ரோடு வேறு விலை கேட்கிறது. முதலில் வயது. என்.டி.ஏ.வுக்குப் பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ்., ஆஃப்கேட் தேர்வுகள். பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24. அடுத்தது உடம்பு. உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். அதோடு விடுவதில்லை, கால் நீளம் 99இலிருந்து 120க்குள், தொடை நீளம் 64க்குள், உட்கார்ந்த உயரம் 81.5இலிருந்து 96க்குள் இருக்க வேண்டும் என்று தையல்காரர் மாதிரி அளப்பார்கள். காரணம் இருக்கிறது. போர் விமானத்தில் ஆபத்து என்றால் இருக்கையோடு விமானியை வெளியே எறிவதற்கு ராக்கெட் இருக்கிறது. தொடை நீளமாக இருந்தால் வெளியேறும் அந்த நொடியில் முழங்கால் விமானி அறையின் விளிம்பில் மோதும். ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவன் அழுவதில் அர்த்தமில்லை, அவன் காலைக் காப்பாற்றத்தான் அந்த விதி.

மூன்றாவது விலை நம் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக விழுவது. என்.டி.ஏ. வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே வரும். எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 200 நேரடியாக இங்கிலீஷ் மொழிக்கு. தேறினால் இன்னொரு 900 மதிப்பெண்ணுக்கு எஸ்.எஸ்.பி. என்கிற ஐந்து நாள் தேர்வு. விமானப்படைக்கு நமக்குப் பக்கத்து இடம் மைசூர். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், குழுவாக உட்கார்ந்து விவாதிக்கச் சொல்வார்கள், பலகையையும் கயிற்றையும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். அறந்தாங்கி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தவன் அந்தக் குழு விவாதத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு ஐந்தாம் நாள் பெட்டியைக் கட்டுவான். அவனுக்குத் தைரியம் குறைவு என்று தேர்வுக் குறிப்பில் இருக்கும். குறைந்தது தைரியம் இல்லை, ஒரு மொழியில் பேசிப் பழகிய நேரம். இதைச் சரிசெய்ய பிளஸ் டூ முடித்த பிறகு கோச்சிங் போவது தாமதம். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழ்நாட்டில் நடத்துவது நம் டி.என்.பி.எஸ்.சி.தான். குரூப் 4 தேர்வுக்கு ஊரே விண்ணப்பம் போடுகிறது. அதே ஆணையத்தின் இந்த அறிவிக்கையை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

நான்காவது விலை யாருக்கும் தெரியாமலே கட்டப்படுவது. பறக்கும் பிரிவுக்குத் தேர்வாகிறவர்கள் கம்ப்யூட்டர் வழி விமானித் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. இதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தவறினால் விமானப்படையில் வேறு பிரிவுக்குப் போகலாம், விமானி ஆக முடியாது. மற்ற எல்லாத் தேர்வையும் போல ‘சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்’ என்று போய்விட்டு வருகிறவர்கள் இதில் வாழ்நாள் வாய்ப்பைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

நடுவே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘ஏர்ஃபோர்ஸில் சேர்ந்துவிட்டான்’ என்றால் பைலட் ஆகிவிட்டான் என்று ஊரில் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அக்னிவீர் வாயு வழியாகப் போகிறவர்கள் விமானப்படை வீரர்கள். அவர்கள் இல்லாமல் ஒரு விமானமும் மேலே போகாது என்றாலும் விமானத்தை ஓட்டுவது அவர்கள் வேலையில்லை. ஓட்டுகிறவர் அதிகாரி. அதிகாரிக்கான வாசல் வேறு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பதினெட்டு வயதில் தவறான படிவத்தை நிரப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதிகாரி என்ற அந்தச் சொல்லில்தான் இரண்டு ரோடுக்கும் உண்மையான பிரிவு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஏர்லைன்ஸ் விமானிக்குப் பறப்பது வேலை. பறந்து முடித்தால் வேலை முடிந்தது. இந்திய விதிப்படி வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் வரை பறக்கலாம், உடம்பு ஒத்துழைத்தால் 65 வயது வரை. விமானப்படை விமானி முதலில் அதிகாரி, பிறகு விமானி. போர் விமானம் ஓட்டுபவர் வருஷத்துக்கு இருநூறு மணி நேரம் பறந்தாலே பெரிது. மீதி நேரம் திட்டம், பயிற்சி, ஆட்கள், கோப்பு. பதவி ஏற ஏற விமானம் விலகும், மேஜை நெருங்கும். விங் கமாண்டரோடு நின்றவர் 54 வயதில் ஓய்வு பெறுவார். வானத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் பறக்க வந்தவனுக்கு நாற்பத்தைந்து வயதில் இது ஒரு துக்கம். படையை நடத்தப் பிறந்தவனுக்கு அதுவே ஏற்றம். பதினெட்டு வயதில் தன்னைப் பற்றி இது தெரியுமா என்று கேட்டால் தெரியாதுதான். ஆனால் கேட்டுப் பார்க்கவாவது வேண்டும்.

ஒரே மாதிரிப் பறப்பதும் இல்லை. ஏர்லைன்ஸில் நல்ல விமானி என்றால் நேற்று இறக்கியது போலவே இன்றும் இறக்குகிறவர். இரண்டு பேர் உட்கார்ந்து பட்டியலை வாய்விட்டு வாசித்து, ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்த்து, பயணி தூங்குவது கலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அங்கே திறமை. அன்னவாசல் வானத்தில் இரண்டு மணி நேரம் வட்டமடித்தார்களே, அதுதான் அந்தத் தொழிலின் உச்சம்: அவசரமே படாமல் இருந்தது. தஞ்சாவூரில் நிற்கும் 222ஆம் ஸ்குவாட்ரன், ‘டைகர்ஷார்க்ஸ்’, வேறு காரியத்துக்கு நிற்கிறது. 2013 மே 27 அன்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி திறந்துவைத்த அந்தத் தளத்துக்கு 2020 ஜனவரி 20 அன்று இந்தப் பிரிவு வந்தது. அதன் சுகோய்கள் பிரமோஸ் ஏவுகணையைத் தாங்கிக் கடலுக்கு மேல் வெகுதூரம் போகக் கூடியவை. அந்த ஏவுகணை எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கொல்ல வேண்டி வரலாம் என்பதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிற வேலை அது. மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ பார்த்துவிட்டு வருகிற ஆசையில் இந்த வரி இருக்காது.

சாவு பற்றியும் மறைக்காமல் பேசலாம். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் போர் விமானம் விழுந்து இறந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் நம் கோயம்புத்தூர் சூலூரில் இருந்த படைப்பிரிவைச் சேர்ந்தவர். அதே வருஷம் ஜூன் 12இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா போயிங் 787 விழுந்து தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 260 பேர் இறந்தார்கள். எண்ணிக்கையை ஒப்பிட்டு எது பாதுகாப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பயணிகள் விமானத்தில் விபத்து விதிவிலக்கு. போர் விமானத்தில் ஆபத்து அன்றாடப் பயிற்சியிலேயே கலந்திருக்கிறது. இருக்கைக்கு அடியில் ராக்கெட் வைத்திருப்பதே அதற்குச் சாட்சி.

இதை எழுதும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவு வருகிறது. ஜெமினி கணேசன் புதுக்கோட்டையில் பிறந்தவர். இளவயதில் விமானப்படையில் சேர ஆசைப்பட்டு நேர்முகத் தேர்வுக்காக டில்லிக்குப் போனார் என்றும், அங்கே இருந்த மாமா ஆசிரியர் வேலையே மேல் என்று புத்தி சொல்லி அனுப்பினார் என்றும் அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் படிக்கிறோம். அவரும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் பக்கம் போனார், அங்கிருந்து ஜெமினி ஸ்டுடியோ. உலகப் போர் நடந்த காலம் அது; மாமா சொன்னதில் தப்பில்லை. எண்பது வருஷம் கழித்தும் எங்கள் ஊர் மாமாக்கள் அதே புத்தியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆசிரியருக்குப் பதிலாக ஐ.டி. என்று மட்டும் மாற்றி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மாமாக்களின் புத்தி இன்னும் பழையது. 1949இலேயே சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் பெங்களூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறி விமானி ஆனார். பிறகு, சென்னை பறப்புக் கழகத்தில் பயிற்சியாளராக இருந்த கணவர் வி.சுந்தரத்தோடு இங்கிலாந்திலிருந்து ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டு இந்தியா வந்து சேர்ந்தார். உலக அளவில் நூறு விமானிகளில் ஐந்து பேர்தான் பெண்கள். இந்தியாவில் சுமார் பதினைந்து. சிவில் பக்கம் கதவு வெகுகாலமாகவே திறந்திருக்கிறது, பணம்தான் தாழ்ப்பாள். படைப் பக்கம் கதவு தாமதமாகத்தான் திறந்தது. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானிகளாக அதிகாரப் பதவி ஏற்றது 2016 ஜூன் 18இல். என்.டி.ஏ.வில் படித்து முடித்த முதல் பெண்கள் 17 பேர் வெளியே வந்தது 2025 மே மாதம். ஆகவே, காசில்லாத வீட்டில் பிறந்து பறக்க நினைக்கிற பெண்ணுக்குப் பிளஸ் டூ முடித்த கையோடு ஓர் இலவச வழி கிடைத்துச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. நம் மாவட்டத்துப் பெண்கள் பள்ளிகளில் இதைச் சொல்ல இன்னும் ஆள் போகவில்லை என்றே தோன்றுகிறது.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாவது ரோடு ஒன்றும் தெரியும். கடலுக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்களில் பல கடற்படையுடையவை, கடலோரக் காவல் படையுடையவை. ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து, அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இரண்டும் கடற்படையின் விமானத் தளங்கள். ‘ஏர்ஃபோர்ஸா ஏர்லைன்ஸா’ என்ற கேள்வியில் இந்த இரண்டு படையும் விடுபட்டுப் போவது பழக்கமாகிவிட்டது.

இனி, ஒரு ரோட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாமா என்ற கேள்வி. என் முடிவு இதை வைத்துத்தான்.

படையிலிருந்து சிவிலுக்கு வருவது பழைய வழக்கம். ஆஃப்கேட் வழியாகக் குறுகிய காலப் பணியில் சேருகிற விமானிக்கு 14 வருஷம். இருபத்து மூன்றில் சேர்ந்தால் முப்பத்தேழு, முப்பத்தெட்டில் வெளியே வருவார். ஓய்வூதியம் கிடையாது, அதற்கு 20 வருஷம் வேண்டும். ஆனால் கையில் அரசாங்கம் கற்றுக்கொடுத்த பறப்பு இருக்கும். டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதி, படையில் பறந்த மணி நேரத்தைக் கணக்கில் காட்டி லைசென்ஸ் பெறலாம். முன்னால் இன்னும் இருபத்தைந்து வருஷம் பறக்கும் காலம் கிடக்கிறது. சரக்கு விமானம் ஓட்டியவருக்கு இந்த மாற்றம் எளிது. போர் விமானிக்கு மணி நேரமும் குறைவு, தனியாகவே பறந்த பழக்கத்தையும் மாற்ற வேண்டும், ஆனாலும் முடியாததல்ல. ‘சூரரைப் போற்று’ படத்தின் மாறனை விமானப்படையிலிருந்து வந்தவனாக வைத்திருப்பார்கள். அந்தக் கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத் தரைப்படைக்காரர் என்பது வேறு விஷயம்.

சிவிலிலிருந்து படைக்குப் போகும் கதவு மிகச் சின்னது. செல்லுபடியாகும் கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விமானப்படை வயது வரம்பை இரண்டு வருஷம் நீட்டி 26 ஆக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு மூடியது மூடியதுதான். லைசென்ஸ் எடுக்கவோ அப்படி மேல் வயது வரம்பு உங்களை விரட்டாது, முப்பதிலும் எடுக்கலாம். விண்வெளிக்குப் போகும் ஆசை இருந்தால் கணக்கு இன்னும் தெளிவு. ககன்யானுக்குத் தேர்வான நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள்.

ஆகவே இரண்டையும் எதிரெதிரே வைத்து எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பின் பார்த்தால் போதும். முதலில் மூடுகிற, காசு கேட்காத கதவை முதலில் தட்ட வேண்டும். பதினாறரை வயதிலிருந்து என்.டி.ஏ., கிடைக்காவிட்டால் பட்டம் படித்துக்கொண்டே ஆஃப்கேட்டுக்கும் சி.டி.எஸ்.ஸுக்கும் ஆயத்தம். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் அதிலும் சேரலாம். இருபத்து நாலு வயதுக்குள் விடை தெரிந்துவிடும். இல்லையென்று தெரிந்தால் அன்றைக்கு நிலப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கலாம். கையில் ஒரு பட்டமும் இருக்கும், பறப்பது நின்றாலும் சோறு போடும். இதற்கு விதிவிலக்கு உண்டு. கொல்லும் வேலை வேண்டாம் என்று மனசாட்சி சொல்கிறவன், ஊர் ஊராக மாற்றலாகும் வாழ்க்கை ஒத்துவராதவன், அளவில் ஒரு சென்டிமீட்டரில் தவறியவன், பறப்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளை, இவர்களெல்லாம் நேராகத் திருச்சி ரோட்டைப் பிடிக்கலாம். வசதியில்லாதவன் மட்டும், ‘வேலை உறுதி’ என்று எந்தப் பயிற்சிப் பள்ளி நோட்டீஸ் சொன்னாலும், ஓர் ஏர்லைன்ஸ் எழுத்தில் கொடுத்த உறுதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கட்டக் கூடாது.

இரண்டு ரோடும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்பதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கண்ணில். கண்ணாடி போட்டவரைச் சிவிலில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். படையில் பறப்பதற்குக் கெடுபிடி மிக அதிகம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டு பக்கமும் சிக்கல். அது பிறவியிலேயே இருக்கும், இருப்பவருக்கே தெரியாது. பல லட்சம் கட்டிய பிறகு மருத்துவச் சோதனையில் அது தெரியவந்தால் கட்டியது திரும்ப வராது. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே டி.ஜி.சி.ஏ.வின் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் பிள்ளை பிளஸ் ஒன்னில் இயற்பியலும் கணக்கும் எடுக்கும் அந்த ஜூன் மாதமே, ஊரில் தெரிந்த கண் டாக்டரிடம் கூட்டிப்போய் நிறப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை.